அவசரம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்

1

ஏழு வருடத்துக்கு முன்பு கிழக்கு ஜெர்மனியின் இந்த நடுத்தர நகரத்தில் வந்து இறங்கினேன். அந்த நாளை நான் கொண்டாடுவதில்லை. இந்த வருடம் அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். 'நின்றுகொண்டிருந்தேன்' என்பது பழக்கத்தில் வருகிற சொல். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். பிறக்கும்போதே முதுகெலும்பில் ஒரு கோளாறு. இடுப்புக்குக் கீழே வலு கிடையாது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கட்டுரையில் தெரிந்துகொண்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

பேருந்து வந்தது. ஓட்டுநர் இறங்கி, நடுவாசலில் மடங்கிக் கிடக்கும் சரிவுப் பலகையைக் கொக்கியால் இழுத்து விரித்தார். நான் ஏறினேன். அவர் பலகையை மடக்கிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். பேருந்தில் இருந்த ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. நாயோடு வந்திருந்த பெண்மணி நாயைப் பார்த்தார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள்.

நானும் கைபேசியைப் பார்த்தேன். மாமாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மீனாட்சிபுரத்தில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். கறவை மாடுகள் வைத்திருக்கிறார். படத்தில் மேகத்துக்கு மேலே ஒரு புல்மேடு. கூடவே குரல் செய்தி: "அம்முணி, மூணாறுக்கு அந்தப்பக்கம் இப்படியொரு எடம் இருக்குதாமா. மாட்டுப்பட்டி தாண்டி ஜீப்புலதான் போவோணுமாம். நல்லா இருக்குது, பாரு."

பாரு. எங்கள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வினைச்சொல் அது. மற்றவர்கள் போவார்கள், ஏறுவார்கள், இறங்குவார்கள், நனைவார்கள். நான் பார்ப்பேன், அதுவும் அவர்கள் திரும்பி வந்து காட்டிய பிறகு.

அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த விடுமுறையில் அந்த மேட்டுக்கு நான் போகிறேன்.

மேட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அங்கே போதுமான ஜீப்புகள் போகின்றன.

2

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவள் என்பதால், இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். என் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் மின்தூக்கி பழுதாகிப் பல மாதங்கள் ஆகின்றன. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற அறிவிப்பு மழையில் வெளுத்துவிட்டது. வருத்தம் மட்டும் தொடர்கிறது. இயலாமைக்கான அட்டையைப் புதுப்பிக்கப் போனால், உடல்நிலையில் முன்னேற்றம் ஏதாவது உண்டா என்று படிவம் கேட்கிறது. 'இல்லை, உங்களுக்கு?' என்று எழுதலாமா என ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

முதன்முறை அந்த அலுவலகத்துக்குப் போனபோது எல்லாம் முடிந்து கிளம்புகையில், நம் ஊர்ப் பழக்கத்தில் 'போய்ட்டு வர்றேன்' என்பதை அப்படியே ஜெர்மனில் மாற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் மிரண்டுபோனார். "எதற்கு மறுபடியும் வருகிறீர்கள்? உங்கள் வேலை முடிந்துவிட்டதே!" என்று கோப்பைத் திறந்து இன்னொரு தடவை சரிபார்த்தார். 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. இப்போதும் வாய் கூசுகிறது.

ஆனாலும் காலையில் பேருந்தில் ஏறுவதை ஒரு நிகழ்ச்சியாக்காமல் விட்டதற்கு இந்த ஊருக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் அது எப்போதும் நிகழ்ச்சிதான். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து மூணாறுக்குச் சுற்றுலா போனார்கள். "உன்னையத் தூக்கிட்டுத் திரிய ஆளில்லைம்மா" என்று டீச்சர் நேராகச் சொல்லிவிட்டார். அன்று வகுப்பறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது டீச்சர் எனக்காக ஒரு யூகலிப்டஸ் தைலப் புட்டி வாங்கி வந்தார். தலைவலிக்கு நல்லது என்றார். எனக்குத் தலைவலி இல்லை.

பிறகு ஒரு முறை குடும்பத்தோடு மாட்டுப்பட்டி வரை போனோம். எல்லோரும் அணைக்கட்டின் மேலே நடந்துவிட்டு வரும்வரை நான் காரில் இருந்தேன். வேகவைத்த சோளக்கதிர் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது அங்கே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கார் ஜன்னலில் குனிந்து, "பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன், வண்டிதான் நின்னுருச்சு" என்றேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டுக்குள் நான் நாற்காலியில் இருப்பது குறைவு. தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக நகர்வேன். சமையலறை, தொழுவம், மாட்டுத்தீவன மூட்டைகள் அடுக்கிய அறை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். என் தோள்களுக்கு நல்ல பலம் உண்டு. ஆனால் வாசலைத் தாண்டினால் கூடாது. அம்மா வைத்த சட்டம் அது. "ஊட்டுக்குள்ள எப்படி வேணா இரு கண்ணு. வெளிய ஆளுங்க பார்ப்பாங்க." அம்மா கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. யாராவது என்னைக் குனிந்து பார்ப்பதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

3

என் தொழிலே வண்டிகளுக்குத் திட்டம் போடுவதுதான். பேருந்து நிறுவனங்களுக்கான நேர அட்டவணை மென்பொருளில் வேலை. எந்த வண்டி எங்கே கிளம்பி, எங்கே காத்திருந்து, யாருக்காகத் தாமதிக்க வேண்டும் என்று பகல் முழுக்க யோசிக்கிறவள், சொந்த மாநிலத்தின் ஒரு மேட்டுக்குத் திட்டம் போட முடியாமல் போய்விடுமா என்ன?

முதல் சிக்கல் வரைபடத்திலேயே இருந்தது. எங்கள் வீடு கேரளத்தில். மேடும் கேரளத்தில். ஆனால் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து இடுக்கிக்குப் போக வசதியான வழி தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறது. மீனாட்சிபுரத்தில் எல்லை தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை என்று போய், சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மூணாறு. ஊரில் இதைச் சொன்னால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஜெர்மன் சகா ஒருவருக்கு விளக்கினேன். "அப்படியானால் உன் வீடு எந்தப் பக்கம்?" என்றார். பால் கேரள சொசைட்டிக்கு, துணி பொள்ளாச்சியில், ரேஷன் அட்டை மலையாளத்தில், சண்டை தமிழில் என்றேன்.

மாட்டுப்பட்டி தாண்டி அந்த மேட்டுக்குப் பிரியும் பாதையில் தனியார் கார் போகாது. பதிவு செய்த ஜீப்புகள் மட்டும்தான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. அதற்கு ஓர் அலுவலகம் அனுமதி கொடுக்கிறது. நான் கேட்க வேண்டியவை மூன்று: நாற்காலியையும் ஜீப்பில் ஏற்ற வேண்டும், இறங்கி ஏற எனக்குக் கூடுதல் நேரம் வேண்டும், யாரும் என்னைத் தூக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். தூக்குகிறவர் எங்கே இறக்குகிறாரோ அதுவே நம் இடம் என்று ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. மலையாளத்தில் எழுதினேன். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் பேருந்திலும் தொலைக்காட்சியிலும் காதில் விழுந்து வந்தது. படிப்பேன், பேசுவேன், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் பதில் வந்துவிட்டது. பெயரைக் குறித்துக்கொண்டதாகவும், எந்தத் தேதி வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். மகிழ்ச்சியில், நான் ஒன்றும் நெருக்கடி கொடுக்கிற ஆளில்லை என்று காட்டுவதற்காக, பணிவாக ஒரு வரி எழுதினேன்: விடுமுறை மாதத்தில் எந்த நாளானாலும் சரி, எனக்கு அவசரம் வேண்டா.

அதன் பிறகு அலுவலகம் மௌனமாகிவிட்டது. அவசரம் இல்லை என்று நானே சொல்லியிருந்ததால் பொறுமையாகக் காத்திருந்தேன்.

இதற்கிடையில் ஜீப் ஓட்டுநர் ஒருவரைப் பிடித்தேன். ஜெபராஜ் என்று பெயர். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முன்சீட்டின் உயரம் தெரிந்தால், நாற்காலியிலிருந்து சீட்டுக்கு நகர்வதற்கான பலகையையும் படியையும் செய்துகொள்ளலாம் என்று அவரிடம் கேட்டிருந்தேன்.

குரல் செய்தி வந்தது: "எக்கா, சீட்டு ஒசரம் கேட்டீகல்லா. என் இடுப்பு வரைக்கும் இருக்கு."

"உங்க இடுப்பு எவ்வளவு ஒசரம்ணே?"

"அது என் டெய்லருக்குல்லா தெரியும்! எதுக்குக்கா இவ்வளவு பாடு? நீங்க வாங்க, ஒரே தூக்கு, உள்ள வச்சிருதேன். தேயிலை மூட்டையே தூக்குத ஆளு நான்."

"நான் மூட்டை இல்லண்ணே. டேப் வச்சு அளந்து சொல்லுங்க."

அடுத்த நாள் அளந்து சொன்னார். கூடவே, "அளக்கதப் பாத்துட்டு ஜீப்ப விக்கப்போறேன்னு நெனச்சு ரெண்டு பேர் வெல கேட்டுட்டாவ" என்றார்.

4

ஊருக்கு வந்ததும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். மாமாவும் வந்திருந்தார். ஒரு பெண் எடுத்தார். பெயரைச் சொன்னதும் கணினியில் தேடினார்.

"மேடம், இது கான்சல் ஆயல்லோ."

"யார் கான்சல் பண்ணினது?"

"நிங்ஙள் தன்னெ. நிங்ஙளல்லே எழுதியது, 'எனிக்கு அவசரம் வேண்டா' எந்நு? வேண்டா எந்நு பறஞ்ஞாப் பின்னெ ஞங்ஙள் எந்து செய்யும்?"

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தமிழில் அவசரம் என்றால் பரபரப்பு. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பல வருடம் கெஞ்சிக் கேட்கத் தயாராக இருந்த ஒன்றைப் பற்றி, எனக்கு அந்த வாய்ப்பு வேண்டாம் என்று நானே பணிவாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு மொழிகளில் ஒரு காலை அதிலும் ஒரு காலை இதிலும் வைத்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தவறு. எனக்குக் காலும் சரியில்லை.

விளக்கினேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அய்யோ மேடம்! அதினு 'திடுக்கமில்லா' எந்நு எழுதணம். அல்லெங்கில் 'அடியந்திரம் அல்லா' எந்நு எழுதணம்."

அவரைக்காய் கிள்ளிய அம்மாவின் கை நின்றது. "அடியந்திரமா? யாருங்க போயிட்டாங்க?" என்றார் பதறிப்போய். அலுவலக மலையாளத்தில் அது பரபரப்பு; எங்கள் பக்கத்து மலையாளக் குடும்பங்களில் அடியந்திரம் என்றால் செத்தவருக்குச் செய்யும் காரியச் சாப்பாடு. அம்மா பல வீடுகளில் அதற்குப் போய்வந்தவர். போனின் அந்தப் பக்கத்தில் மறுபடி சிரிப்பு.

சிரித்து முடித்ததும் அவர் இறங்கிய குரலில் சொன்னார்: இந்த மாதம் இடமில்லை, அடுத்த சீசனில் பார்க்கலாம்.

மாமா கையை அசைத்தார். "உடு அம்முணி. அவிங்களே சொல்லீட்டாங்க. யூடியூப்புல போட்டா பெரிய டிவியில பார்த்துக்கலாம். காப்பி குடிச்சுக்கிட்டே பார்க்கலாமே."

"மாமா, நீங்க உங்க மாட்டை டிவியில கறந்துக்குவீங்களா?"

"ஏனுங்க்கா, பாருங்க இவ பேச்சை!" என்று அம்மாவிடம் முறையிட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "மாமன் சொல்றதும் சரிதான் கண்ணு. அத்தனை பேருக்கு முன்னால ஏறி எறங்கோணும்" என்றார்.

நான் போனை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மெதுவாகச் சொன்னேன். சேச்சி, எனக்கு மலையாள அவசரம் வேண்டும். இப்போது தமிழ் அவசரமும் இருக்கிறது, விடுமுறை முடியப்போகிறது. இரண்டில் எதற்காவது இடம் பாருங்கள்.

அந்தப் பக்கம் சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம். பிறகு, "வியாழாழ்ச்ச ஒரு குடும்பம் வருந்நில்லா எந்நு விளிச்சிட்டுண்டு. காலத்தே வராமோ?" என்றார்.

"வராம்" என்றேன். வியாழக்கிழமை காலை, வராத ஒரு குடும்பத்தின் இடம் எனக்கு. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

5

அப்பா மாடுகளுக்காக வீட்டில் நின்றுவிட்டார். அம்மா, மாமா, நான் மூவரும் வாடகைக் காரில் போய் முந்தின நாளே மூணாறில் தங்கினோம். அந்த விடுதியின் குளியலறை வாசலைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும்.

காலையில் மாட்டுப்பட்டியில் ஜெபராஜ் காத்திருந்தார். ஆள் நினைத்ததைவிடக் குள்ளம். அவர் இடுப்பை நம்பிப் படி செய்திருந்தால் என் கதி அவ்வளவுதான். நாற்காலியை ஜீப்பின் பக்கம் அணைத்து, எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர்த் தச்சர் செய்து கொடுத்த படியை வைத்து, அதன் மேல் பலகையைச் சரித்து, முதலில் படிக்கு, அங்கிருந்து சீட்டுக்கு நகர்ந்தேன். ஜெபராஜ் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றார், பிள்ளைக்கு முதல்முறை சைக்கிள் பழக்குகிறவர்போல. தொடவில்லை. நான் உட்கார்ந்ததும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"எம்மா, இது கிரேன் கணக்கால்லா இருக்கு!" என்றார் அம்மாவிடம்.

அம்மா சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஜீப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாமாவோடு பின்சீட்டில் ஏறினார்.

பாதை என்று அதைச் சொல்லக்கூடாது. பாறைகள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டிருந்தன. என் இடுப்பு சீட்டில் நிற்காது என்று தெரிந்து ஏற்கெனவே பெல்ட்டால் கட்டியிருந்தேன். மாமாவுக்குப் பெல்ட் இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் தலை மேல்கம்பியில் இடித்தது. "அம்முணி நல்லாத்தான் உக்காந்திருக்கா, நாந்தான் மூட்டையாட்டம் உருள்றேன்" என்று புலம்பினார்.

கடைசி வளைவில் ஜீப்புகள் நின்றுவிடும். அங்கிருந்து மேட்டின் உச்சிக்குப் புல் சரிவு. நீளம் அதிகமில்லை, ஆனால் நாற்காலிச் சக்கரம் உருளாது. ஜெபராஜ் இதை எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். "இருந்தவாக்குலயே தெரியும்க்கா, இங்கேர்ந்தே பாத்துக்கலாம்" என்றார். "இல்லன்னா சொல்லுங்க, தூக்கிருதேன். நாலு எட்டு."

மாமா இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாங்க போய் போட்டோ எடுத்துட்டு வந்தர்றோம்" என்றார். அம்மா இறங்கவில்லை. என்னோடு இருப்பதற்காக.

பதினைந்து வயதில் வகுப்பறையிலும் பிறகு காரிலும் இருந்த அதே ஆள்தான் இப்போது ஜீப்பில் இருக்கிறாள். வண்டி மட்டும் மாறியிருக்கிறது. கடல் தாண்டி, மொழி தாண்டி, இரண்டு மாநிலம் தாண்டி வந்து, கடைசிச் சரிவில் 'பாரு' என்ற அந்தச் சொல்லிடம் தோற்கவா?

"படியை எடுத்து வைங்கண்ணே" என்றேன்.

படிக்கு இறங்கினேன். படியிலிருந்து தரைக்கு இறங்கினேன். புல் நனைந்திருந்தது. சரிவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி மேலே வைத்தேன். மறுபடி கைகள். மறுபடி உடம்பு. தொழுவத்துக்குப் போகிற அதே முறை.

"கண்ணு!" என்று அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டே கத்தினார். "வேண்டாம். ஆளுங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்மா."

பார்த்தார்கள். கழுத்தைத் திருப்பினேன், ஐந்தாறு ஜீப்புகளில் வந்தவர்கள் ஏற்கெனவே சரிவில் இருந்தார்கள். இருவர் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டார். குளிர்க்கண்ணாடி போட்ட ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். நான் பின்னோக்கி ஏறியதால் கீழே நின்ற அம்மாவின் முகத்தை முழுக்கப் பார்க்க முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு புடவையைக் கொசுவத்தோடு தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக ஏறி வந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

என்னைத் தாண்டிப் போய் அந்த மனிதருக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க, மலை ஏற வந்தீங்களா, ஆளைப் பார்க்க வந்தீங்களா?"

அவர் ஏதோ இந்தியில் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போனை உள்ள வைங்க. என்ற புள்ளை ஏறுறா. நீங்க ஏறோணும்னா ஏறுங்க, இல்லாட்டி வழியை உடுங்க. நடங்க, நடங்க."

மீனாட்சிபுரத்தில் வெள்ளாமைக்குள் புகுந்த மாட்டை விரட்டுகிற குரல். மொழி புரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார். வாயில் கைவைத்த பெண்ணும் நடந்தார். அம்மா எனக்கு முன்னால் நடந்து, கல் கிடந்த இடங்களில் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே போனார். ஒரு தடவைகூடக் கை கொடுக்கவில்லை. "எடது பக்கம் சேறு" என்று மட்டும் சொன்னார். "இன்னும் கொஞ்சம் வலது. ஆமா, அப்படி."

கீழே ஜெபராஜ் தலையில் கைவைத்து நின்றார். மாமா எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

6

உச்சியில் மூடுபனி.

மூடுபனி என்றால் எதிரே நீட்டிய கை மங்குகிற அளவுக்கு. பள்ளத்தாக்கு இல்லை, மேகக் கடல் இல்லை, தேயிலை இல்லை, படத்தில் இருந்த எதுவுமே இல்லை. வெள்ளை. அதில் ஆங்காங்கே மனிதர்கள் நின்று, தங்கள் கைபேசியில் பிறர் எடுத்த படங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் என்ன இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்க்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். அப்போதும் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

என் சுடிதார் சேற்றில் ஊறியிருந்தது. உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அம்மா என் பக்கத்தில், அந்த ஈரப்புல்லிலேயே, உட்கார்ந்துகொண்டார்.

மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கா அம்முணி? இத்தனை பாடும் இதுக்கா? ஒண்ணுமே தெரியலையே!"

"ஆமாங்க மாமா," என்றேன். "யாருக்குமே தெரியலைங்க."